பந்தய வார இறுதியில் பழைய எஸ்டீம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப்புக்குச் சொந்தமான 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில், மாருதி எஸ்டீம் பல ஆண்டுகளாக டூரிங் கார் பிரிவுகளில் ஓடிவருகிறது. 1994-இல் விற்பனைக்கு வந்து 2007-இல் உற்பத்தி நின்றுபோன கார் இது. சுமார் 875 கிலோ எடையும், 1298 சி.சி. அலுமினிய எஞ்சினும், முன்சக்கர இயக்கமும் கொண்டது. முதலில் வந்த கார்புரேட்டர் வண்டிகள் 65 குதிரைத்திறனும், பிறகு வந்த 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாக ஊசிக்குழல்களால் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வண்டிகள் 85 குதிரைத்திறனும் தந்தன. பந்தயம் பழக விரும்பும் ஒருவர் சொந்தக் காசில் வாங்கி, ஒன்றிரண்டு நண்பர்களின் உதவியோடு பராமரித்து ஓட்டக்கூடிய கார்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். ஆனால் மிக இளைய எஸ்டீமுக்கே இன்று பதினெட்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வயதான காரை முழு வேகத்தில் ஓட்டும்போது குறைகள் வெளிப்படத்தான் செய்யும். அவற்றை இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இங்கே பேசப்படுவது.

கார் பிட்டுக்கு (தடத்தையொட்டிக் காரைக் கவனிக்கும் இடம்) திரும்பியதும் பானெட்டைத் திறப்பதற்கு முன், ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றும் முன்பே அவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். குறை தடத்தின் எந்த இடத்தில் வந்தது? அப்போது அவர் கால் எந்தப் பெடலில் இருந்தது? முதல் சுற்றிலேயே வந்ததா, எல்லாம் சூடான பிறகு வந்ததா? வளைவில் மட்டும் வரும் குறை, பக்கவாட்டு விசையால் நகரும் ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. நேர்ப்பாதையின் முடிவில் மட்டும் வருவது, தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத ஒன்றைக் காட்டுகிறது. நான்காம் சுற்றுக்குப் பிறகே வருவது வெப்பத்தைக் காட்டுகிறது. இந்த மூன்று விடைகளையும் ஒரு நோட்டில் எழுதிவைத்த பிறகு கையில் ஸ்பேனர் எடுத்தால், பாதி வேலை முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக், ஃபில்ட்டர், காயில் மூன்றையும் ஒரே இடைவேளையில் மாற்றிக் கார் சரியாகிவிட்டால், எது பழுது என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியாது; அடுத்த பந்தயத்தில் அதே குறை திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூட்டினியில் கார் நிறுத்தப்படுகிறது

ஸ்க்ரூட்டினி என்பது ஓட்டத்துக்கு முன் அதிகாரிகள் நடத்தும் பாதுகாப்புச் சோதனை; இது எஞ்சின் குறையன்று. ஆனாலும் வார இறுதியின் முதல் தடை இதுதான். கார் நிறுத்தப்படுவதற்குக் காரணமாகும் பொருள்கள் பெரும்பாலும் சிறியவை: காலாவதி தேதி கடந்த சீட் பெல்ட், அளவு முள் சிவப்பில் நிற்கும் தீயணைப்பான், நன்றாகப் பொருத்தப்படாத பேட்டரி, மூடியில்லாத பாசிட்டிவ் டெர்மினல், வண்ண அம்புக்குறி இல்லாத இழுவைக் கொக்கி, வேலை செய்யாத பிரேக் விளக்கு. பெல்ட்டிலும் சீட்டிலும் தைக்கப்பட்டிருக்கும் எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) முத்திரையின் தேதியை வீட்டிலேயே படித்துப் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை புது பெல்ட் தேடி அலைவது நடக்கிற காரியமன்று. எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, வெளியிலிருந்து இயக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டரே இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்விட்சின் வயரிங்கைத் திருத்தாமல் காரை ஸ்க்ரூட்டினிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்று, நான்கு சுற்றுகளுக்குப் பிறகு வெப்ப முள் ஏறுகிறது

சென்னையின் வெயிலில் மிக அதிகமாகக் கேட்கும் குறை இது. இதில் அவசரப்பட்டு எடுக்கும் முடிவுகளே எஞ்சினைக் கொல்கின்றன. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டை பேடாக்கில் (தடத்தில் அணிகள் காரைப் பராமரிக்கும் வளாகம்) யாரும் சரிசெய்ய முடியாது.

முதலில் பிரிக்க வேண்டியது, கார் நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா என்பதை. ஓட்டம் தொடங்கும் வரிசையான கிரிட்டில் காத்திருக்கையில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃப்யூஸ், வெப்ப ஸ்விட்ச் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தால், மோட்டார் நல்லதா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மாறாக, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போதே முள் ஏறினால் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். அந்த வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுகிறது. அப்போது பார்க்க வேண்டியவை வேறு.

காற்று உண்மையில் ரேடியேட்டருக்குள்தான் போகிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலிருந்த பிளாஸ்டிக் மறைப்புகள் எப்போதோ உடைந்து தொலைந்திருக்கும். காற்று எளிய வழியைத் தேடி ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தப்பித்துப் போய்விடும். தடித்த ஸ்பாஞ்சும் அலுமினிய டேப்பும் கொண்டு அந்த இடைவெளிகளை அடைப்பது இருபது நிமிட வேலைதான். பல எஸ்டீம்களில் அது மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. ஓடுதடத்தை விட்டுப் புல்லில் இறங்கி ஏறிய கார் என்றால், ரேடியேட்டரின் முகத்தில் அப்பியிருக்கும் காய்ந்த புல்லையும் ரப்பர் துகளையும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடித்து நீக்க வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. 0.9 (பார் அழுத்தம்) என்று முத்திரையிட்ட மூடி சரியாக அழுத்தம் பிடித்தால், வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் விரிந்து அழுத்தம் பிடிக்காவிட்டால், அதே தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வெளியே போய்விடும். விலை மலிந்த இந்தப் பொருள் ஒன்று கூடுதலாக எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. எவ்வளவு அவசரமானாலும், மேல் ஹோஸைக் கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

மூடியும் காற்றும் சரியாக இருந்து, இன்னும் சூடு ஏறினால், வாட்டர் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். மேல் ஹோஸ் கொதித்துக்கொண்டு கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால், தண்ணீர் சுழலவில்லை: தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டால் அது திறக்கிறதா என்பதைக் கண்ணால் காணலாம். குளிரூட்டும் அமைப்பைத் திறந்து மூடிய பிறகு உள்ளே காற்று சிக்கிக்கொள்வதும் உண்டு. காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டால் காற்று வெளியேறிவிடும்.

கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத சோதனை. எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல் படலம் இருக்கிறதா? இவற்றில் இரண்டு ஆம் என்றால் ஹெட்டின் அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அந்தக் காரை ட்ரெய்லரில் ஏற்றிவிடுங்கள்.

ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் அதைக் கண்டு மகிழக் கூடாது. தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டதால், சென்சார் நீரைத் தொடாமல் வெறும் ஆவியில் நிற்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்த வேண்டும். மற்றபடி முள் மெதுவாக ஏறும்போது, முன்னால் போகும் காரின் வாலை ஒட்டியே ஓடாமல் நேர்ப்பாதைகளில் பாதிக் கார் அகலம் விலகி ஓடினால் புதுக்காற்று கிடைத்துச் சில டிகிரி இறங்கும்.

பிரேக் பெடல் மாறுகிறது

"பிரேக் போய்விட்டது" என்று ஓட்டுநர் சொல்வது நான்கு வெவ்வேறு குறைகளுக்குப் பொதுவான பெயர். பெடல் காலுக்கு எப்படி இருந்தது என்பதை அவர் சொன்னால்தான் எது என்று தெரியும்.

பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. காலின் அழுத்தம் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140 டிகிரி. டாட் 4-க்கு அதே அளவுகள் 230, 155. கடற்கரையை ஒட்டிய நம் ஊர் ஈரக்காற்றில் போன பந்தயத்தில் திறந்து மீதிவைத்த டப்பாவை நம்பக் கூடாது. புதிய, மூடி திறக்காத டப்பாவிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து, பழைய ஆயில் முழுவதும் வெளியேறும்வரை விட வேண்டும். ஒவ்வொரு பந்தய வாரத்துக்கு முன்பும் இதைச் செய்துவிட்டால் இந்தக் குறை அனேகமாக வராது.

பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்தது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் ஆயில் நல்லது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்தான் அதன் வெப்ப எல்லையைத் தாண்டியிருக்கிறது. கூடவே கருகிய வாடையும் வரும். தெருவுக்கான பேட் போட்டு ஓடினால் இது நடந்தே தீரும். சரியான பேட் போட்ட பிறகும் நடந்தால், புது பேட்டைப் பதப்படுத்தாமல் முதல் சுற்றிலிருந்தே கடுமையாக மிதித்திருக்கிறீர்கள். மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகியிருக்கும். பேட்டைக் கழற்றி, தூசியை உள்ளிழுக்காதபடி முகமூடி அணிந்து, சொரசொரப்புத் தாளில் அந்தப் பளபளப்பைத் தேய்த்து நீக்கிவிட்டு, பயிற்சிச் சுற்றில் படிப்படியாகச் சூடேற்றிப் பிறகு இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும்.

முதல் மிதியில் பெடல் நீளமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியாகிவிட்டது என்று சொன்னால், இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எஸ்டீமின் பின்சக்கர டிரம்களில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகமாகியிருப்பது. நிறுத்திய காரில் ஹேண்ட் பிரேக்கை நான்கைந்து பல் இழுத்துவைத்துக்கொண்டு பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் உடனே மேலே வந்துவிட்டால் பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்தால் போதும். அப்படி வரவில்லை என்றால் முன்சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால், கெர்ப் (வளைவோர விளிம்பு) மீது ஏறி இறங்கும்போதும் நீண்ட வளைவிலும் டிஸ்க் சாய்ந்து பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்த மிதியின் பாதி, அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதிலேயே போகிறது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். ஆட்டமுள்ள பேரிங்கோடு அந்தக் கார் அன்று ஓடவே கூடாது.

பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால், பிட்டுக்கு வந்தவுடன் நான்கு சக்கரங்களின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் எடுத்து எழுதுங்கள். குறைவாகச் சூடான பக்கத்துக் காலிப்பர் (பேட்களை அழுத்தும் பாகம்) வேலை செய்யவில்லை. மிக அதிகமாகச் சூடான பக்கத்துக் காலிப்பர் விடவில்லை. எது என்றாலும், காலிப்பர் நகரும் பின்கள் துருவில் சிக்கியிருப்பதே வழக்கமான காரணம்.

சூடான காரை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பெடலையும் அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பேட் ஒட்டிய இடத்தில் டிஸ்க்கில் தடம் பதிந்து, அடுத்த ஓட்டத்தில் பெடல் நடுங்கும்.

வளைவில் எஞ்சின் ஒரு கணம் இறந்து உயிர் பெறுகிறது

நீண்ட வளைவின் நடுவில் மட்டும் இது வந்து, எப்போதும் ஒரே பக்க வளைவில் வந்து, ஓட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் அதிகமானால், டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப்பின் வாயை விட்டு விலகுகிறது. தீர்வு எளிது: இன்னும் பெட்ரோல் ஊற்றுங்கள். 10 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ ஏழரைக் கிலோதான். அந்த எடையை மிச்சப்படுத்தப்போய் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளைவை இழப்பது அர்த்தமற்ற சிக்கனம். கால் டேங்குக்குக் கீழே போகாதபடி கணக்கிட்டு நிரப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் டேங்கினுள் இருக்கும் தடுப்புத் தகடு உடைந்திருக்கலாம்.

இதே இறப்பு நேர்ப்பாதையின் முடிவில், நான்காவது கியரில் முழு வேகத்தில் வந்தால் கதை வேறு. அங்கே எஞ்சின் கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வரவில்லை. ஃபில்ட்டர், பம்ப், பம்ப்புக்கு வரும் மின்னழுத்தம், எர்த் இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அது இல்லை. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் மென்மையாக்கி உதிர்க்கிறது. டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடையும் கிளப்பிவிடுகிறது. ஆகவே பழைய எஸ்டீமில் ஃபில்ட்டரைச் சாலைக் காருக்கான கணக்கில் மாற்றாமல், ஒரு பருவத்தில் பலமுறை மாற்றுவதே முறை. எஞ்சின் அறையில் இருக்கும் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது தீ விபத்தைத் தவிர்க்கவும் அவசியம். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு கவலையும் உண்டு. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 மடங்கு போதும். பழைய ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) ஓடினால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். ஆகவே வெப்ப முள்ளுக்கான காரணம் ரேடியேட்டரில் கிடைக்காதபோது மெயின் ஜெட்டையும் யோசிக்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டி வெயிலில் நின்று, மீண்டும் கிளம்பிய சில நிமிடங்களில் திணறினால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாள்களின் ஃபியட்களும் அம்பாசிடர்களும் அறிந்த தொல்லைதான் இது. குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி, வெப்பம் தடுக்கும் உறை போடுவதும், பம்ப்பின் மேல் ஈரத்துணி வைப்பதும் இன்றும் அதே தீர்வுகள்.

வளைவில் ஆயில் விளக்கு மினுங்குகிறது

இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் கிராங்க் பேரிங்குகள் ஆயிலின்றி உலோகத்தோடு உலோகம் உரசுகின்றன. ஓட்டுநர் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டு, வளைவை மெதுவாக முடித்துப் பிட்டுக்கு வர வேண்டும்.

டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள். அதிகபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் நிரப்புங்கள். பந்தயத்துக்கு அந்தக் கோடே குறைந்தபட்சம். கோட்டில் சரியாக இருந்தும் மினுங்கினால், சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் தகடு தேவைப்படுகிறது. அது வீட்டில் செய்யும் வேலை, பேடாக்கில் முடியாது. சூடான எஞ்சின் பிட்டில் ஐடிலில் நிற்கும்போது மட்டும் லேசாக மினுங்கினால், ஆயில் இளகிவிட்டது அல்லது பேரிங் இடைவெளி கூடிவிட்டது என்று கொள்ளலாம். எஞ்சின் உள்ளே காயம்பட்டிருக்கிறதா என்பதை அறிய, ஆயில் ஃபில்ட்டரைக் கழற்றி அதன் தகரத்தை வெட்டி, உள்ளேயிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் அவை பேரிங்கிலிருந்தோ பிஸ்டனிலிருந்தோ வந்தவை. அந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதிருப்பது, ஒரு கிராங்க்கைக் காப்பாற்றும்.

மிஸ்ஸிங் அடிக்கிறது

எஞ்சின் சீராக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவதே மிஸ்ஸிங். இக்னிஷன் குறை ஸ்விட்சை அணைத்துப் போட்டதுபோல் சட்டென்று வெட்டும். பெட்ரோல் குறை இழுவையை மெல்ல மெல்லக் குறைக்கும். இந்த ஒரு வேறுபாட்டை ஓட்டுநர் சரியாகச் சொன்னால் தேட வேண்டிய இடம் பாதியாகிறது.

சட்டென்று வெட்டினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் கரும்பென்சில் கோடுபோல் விரிசல் இருக்கிறதா என்றும், ரோட்டாரின் நுனி தேய்ந்திருக்கிறதா என்றும், பிளக் வயர்கள் எக்ஸாஸ்ட்டில் பட்டுக் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருட்டிய பின் எஞ்சினை ஓடவிட்டால், கசியும் மின்சாரம் நீலமாகத் தெரியும். பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்குங்கள். நான்கும் ஒரே நிறமாக, இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் ரிங் அல்லது வால்வு சீல். எல்லாம் உலர்ந்த கரியாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள்போல் கரும்புள்ளிகளோ அலுமினிய மணிகளோ தென்பட்டால் எஞ்சின் நாக்கிங் அடிக்கிறது, அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கிறது: ஸ்பார்க் டைமிங்கைக் குறைத்து, பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றாமல் திரும்பத் தடத்துக்கு அனுப்பக் கூடாது.

முன்பக்கம் வெளியே தள்ளுகிறது

ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வளைவின் வெளிப்புறத்துக்கே போகிறது என்பது, முன்சக்கர இயக்கக் காரில் எல்லாரும் சொல்லும் புகார். வளைவின் எந்தப் பகுதியில் என்று கேளுங்கள். நுழையும்போது மட்டும் என்றால், கார் பெரும்பாலும் குற்றமற்றது. ஓட்டுநர் அதிக வேகத்தில் நுழைகிறார், அல்லது பிரேக்கை ஒரே அடியாக விட்டு முன்டயர்களின் மீதிருந்த எடையை இழக்கிறார். வெளியேறும்போது மட்டும், அதுவும் எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் இருந்தால், உள்பக்க முன்சக்கரம் வெறுமனே சுழல்கிறது. ஆக்ஸிலேட்டரைத் தாமதமாகவும் படிப்படியாகவும் கொடுப்பதே மருந்து. வளைவின் நடுவில் தொடர்ந்து தள்ளினால்தான் டயரையும் அலைன்மென்ட்டையும் பார்க்க வேண்டும்.

டயர் அழுத்தத்தைச் சூடாக இருக்கும்போதே, கார் நின்ற முதல் நிமிடத்தில் அளக்க வேண்டும். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். ஆகவே காலை ஒன்பது மணிக்குச் சரியாக வைத்த அழுத்தம், தார் கொதிக்கும் மதியம் இரண்டு மணி ஓட்டத்துக்குச் சரியாக இராது. அழுத்தம் அளந்த கையோடு, ஊசி வெப்பமானியால் ட்ரெட்டின் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றிலும் வெப்பம் எடுங்கள். நடுப்பகுதி மற்ற இரண்டின் சராசரியைவிடச் சூடாக இருந்தால் அழுத்தம் அதிகம், குளிர்ந்திருந்தால் குறைவு. வெளியோரம் உள்ளோரத்தைவிடச் சூடாக இருந்தால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) போதவில்லை. உள்ளோரம் சில டிகிரி மட்டும் அதிகமாக இருப்பது விரும்பத்தக்க நிலை. வெப்பமானி இல்லாதவர் டயரின் தோளில் சாக்பீஸால் கோடு போட்டு, எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தாலே டயர் எவ்வளவு மடங்குகிறது என்பது தெரியும். அழுத்தத்தை ஒரு முறைக்கு 2 பி.எஸ்.ஐ. மேல் மாற்றாதீர்கள்.

வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்பக்கம் வெளியே வீசினால், பின்டயர்கள் இன்னும் சூடாகவில்லை, அல்லது பின்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்விளிம்பு நோக்கும் திசை) வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. கயிறு கட்டி அளந்து பாருங்கள். பின்சக்கரங்களை எஞ்சின் இயக்காததால் அவை சூடாக இரண்டு சுற்று கூடுதலாக ஆகும் என்பதை ஓட்டுநர் மனத்தில் வைத்தால், முதல் சுற்றுச் சுழற்சிகள் பல தவிர்க்கப்படும்.

அதிர்வும் ஒலியும்

ஸ்டியரிங் திடீரென நடுங்கினால் வேறெதையும் பார்க்கும் முன் வீல் நட்களைப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குவது கட்டாயம். புதிதாக வண்ணம் அடித்த வீலில் நட்டின் அடியிலுள்ள வண்ணம் நசுங்கி நட் தளர்ந்துவிடும். நட் சரியாக இருந்தால், பிரேக் பூட்டி உரசியதால் டயரில் தட்டையான இடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டுகையில் க்ளிக் க்ளிக் என்று கேட்டால் வெளி சி.வி. ஜாயின்ட் (முன்சக்கரத்துக்கு இயக்கத்தைக் கடத்தும் இணைப்பு) தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விடும்போது மூன்றாவது கியர் நழுவினால், கியர் பாக்ஸை இறக்கும் முன் எஞ்சின் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும்போது கியர் லிங்க்கேஜையும் இழுத்துக்கொண்டு போகிறது.

சூடாக இருக்கையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் அல்லது டிக் என்று நின்றால், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைக் கழற்றி, துரு நீங்கத் தேய்த்து மாட்டுங்கள். பழைய காரில் இதுவே முதல் காரணம். நன்றாகச் சுற்றியும் எரியவில்லை என்றால், ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிட்டரும் காயிலும் சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும் வழக்கமுடையவை. சந்தேகப்படும் பொருளின் மேல் ஈரத்துணி போர்த்தி ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அதுதான்.

காரில் குறையில்லை, நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது

பிரேக், டயர், எஞ்சின் எல்லாம் சரியாக இருந்து, சுற்று நேரம் ஆறாம், ஏழாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு விநாடியாகக் கூடினால், அளக்க வேண்டியது ஓட்டுநரை. தீ தாங்கும் உடை, உள்ளாடை, கையுறை, ஹெல்மெட் அணிந்து, கண்ணாடி ஏற்றிய இரும்புக் கூட்டுக்குள் சென்னை வெயிலில் உட்காருபவர் ஓட்டம் தொடங்கும் முன்பே வியர்த்துக் களைத்துவிடுகிறார். பிரேக் புள்ளி சுற்றுக்குச் சுற்று மாறுவது, பிட் பலகையைக் கவனிக்கத் தவறுவது, கியரைத் தவறவிடுவது ஆகியவை உடல் நீர் வற்றியதன் முதல் அடையாளங்கள். காலையிலிருந்தே சிறுகச் சிறுக நீரும் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலும் குடிக்க வேண்டும். கிரிட்டுக்குப் போகும் முன் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பது வயிற்றைக் குமட்டுவதற்கே உதவும். ஓட்டங்களுக்கு இடையே உடையை இடுப்புவரை இறக்கிக் கட்டி, நிழலில் மின்விசிறிக்கு முன் உட்கார்ந்து, கழுத்தில் ஈரத்துணி போட வேண்டும். தலைவலியும் குமட்டலும் இருந்து, அந்த வெயிலிலும் வியர்வை நின்றுபோயிருந்தால், காரை விட்டுவிட்டு அவரை உடனே தடத்தின் மருத்துவக் குழுவிடம் அழைத்துச் செல்லுங்கள். அன்றைய மீதி ஓட்டங்களுக்கு அவர் பெயரை நீக்கிவிடும்படி அலுவலகத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் அவராக அதைச் சொல்ல மாட்டார்.